பிழை எப்போது குற்றமாகிறது?

பிழை, தவறு, குற்றம் என மூன்று சொற்கள் நம்மிடம் உண்டு. அன்றாடப் பேச்சில் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைத் தாராளமாக வழங்கிவருகிறோம். ஆயினும் சற்றே நின்று நோக்கினால் இவற்றிடையே உள்ள தூரம் சிறிதன்று என்பது புலனாகும். தேயிலை மலையிலே கொழுந்து நிறுக்கும்போது, பதினேழு என்று எழுத வேண்டிய இடத்தில் கணக்கப்பிள்ளையின் கை பதினொன்று என்று எழுதிவிடுகிறது. இது பிழை. கொழுந்தெடுத்த பெண் அதைக் கண்டு சொல்கிறாள். "பிறகு பார்க்கலாம்" என்று அவர் புத்தகத்தை மூடிவிடுகிறார். இது தவறு. மாத முடிவில் அவள் மீண்டும் வந்து கேட்க, "புத்தகத்தில் உள்ளதுதான் கணக்கு, உன் வாய்ப்பேச்சு கணக்கல்ல" என்று அவளை விரட்டிவிடுகிறார். இது குற்றம். எழுதப்பட்ட எண் மூன்று கட்டத்திலும் ஒன்றேதான். எழுதிய கையும் ஒன்றேதான். அங்ஙனமாயின் மாறியது எது?

கேள்வி பழையது. ஆனால் கணக்கெழுதும் வேலையை மனிதக் கையிடமிருந்து இயந்திரம் படிப்படியாக ஏற்றுவரும் இந்நாளில், அதைப் புதிதாகக் கேட்க வேண்டியவர்களாயிருக்கிறோம். யாருக்கு நிவாரணம், யாருக்கு இல்லை. யாருடைய பெயர் பட்டியலில் நிற்கும், யாருடையது விழும். யார் கடன்காரர், யார் கள்வர் என்பனவற்றையெல்லாம் இன்று மென்பொருள் என்னும் கண்ணுக்குத் தெரியாத கணக்கப்பிள்ளை தீர்மானித்துவருகிறது. மென்பொருள் என்பது வேறொன்றுமன்று. 'இன்னது நேர்ந்தால் இன்னது செய்' என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைத்த கட்டளைகளின் தொகுதி. ஒரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் கைப்பிழை ஒருத்தியின் ஒரு நாட்பேரைக் கெடுக்கும். மென்பொருளின் பிழையோ ஒரே நேரத்தில், ஒரே விதமாக, இலட்சம் பேரின் வாழ்வைத் தொடும். அன்றியும், கணக்கப்பிள்ளையின் முகத்தை நாம் அறிவோம்; அவரோடு வாதிடலாம்; சங்கத் தலைவரைக் கூட்டிச் செல்லலாம். மென்பொருளை எழுதியவரின் முகத்தை யார் கண்டார்? ஆகவேதான், மென்பொருள் ஆக்கத்தில் நேரும் பிழைகளைப் பொறியியலாளரின் தனிக் கவலை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. அது அறத்தைப் பற்றிய வினா. உழைக்கும் மக்களைப் பற்றிய வினா.

*

நம் நாட்டு உதாரணம் ஒன்றையே முதலில் எடுத்துக்கொள்வோம். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின், வறிய குடும்பங்களுக்கு உதவிப்பணம் வழங்க 'அஸ்வெசும' என்னும் திட்டம் கொண்டுவரப்பட்டது. 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தை அடிப்படையாகக் கொண்ட இத்திட்டம் 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய சமுர்த்தி முறையில் கட்சிச் செல்வாக்கும் சிபாரிசும் புகுந்துவிட்டன என்ற குறை நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவந்தது. ஆகவே, மனிதரின் விருப்பு வெறுப்புக்கு இடமளிக்காத முறை ஒன்று வேண்டும் என்ற எண்ணம் நியாயமானதே. கல்வி, சுகாதாரம், பொருளாதார மட்டம், சொத்து, வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு என்னும் ஆறு தலைப்புகளில் 22 குறிகாட்டிகள் வகுக்கப்பட்டன. வீடு வீடாகத் திரட்டிய விவரங்கள் கணினி முறைமையில் ஏற்றப்பட்டன. முறைமை புள்ளியிட்டது, பட்டியலிட்டது. சுமார் 37 இலட்சம் விண்ணப்பங்களிலிருந்து ஏறக்குறைய 20 இலட்சம் குடும்பங்களைத் தெரிவுசெய்வதே திட்டமாயிருந்தது. பட்டியல் வெளியான சில வாரங்களுக்குள் வந்து குவிந்த மேன்முறையீடுகளும் ஆட்சேபனைகளும் பத்து இலட்சத்தை நெருங்கின!

மேன்முறையீடு செய்த அனைவரும் நியாயமுடையோர் என்று நாம் வாதிடவில்லை. கிடைக்காதவன் கேட்பது இயல்பு. எனினும், விண்ணப்பங்களின் தொகையோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிய இந்த எண் எதையோ உரக்கச் சொல்கிறது. அது என்ன சொல்கிறது என்பதைத் தோட்டப்புறத்தில் நின்று பார்த்தால் தெளிவாகக் காணலாம். அரசாங்கத்தின் சொந்தக் கணக்கெடுப்பின்படியே, 2019 இல் நாட்டின் வறுமை 14.3 சதவீதம், தோட்டத்துறையின் வறுமை 33.8 சதவீதம். வறியோரைத் தேடிப் புறப்படும் எந்த முறைமையும் பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹப்புத்தளை மலைகளை நன்கறிந்துகொண்டல்லவா புறப்பட வேண்டும்?

மென்பொருள் ஆக்கத்தில் மிகப் பெரிய பிழை கட்டளை எழுதும்போது நேர்வதன்று. எழுதத் தொடங்குமுன்னரே நேர்வது என்பதை அத்தொழிலில் தேர்ந்தோர் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றனர். தேவை இன்னதென அறியாமலே கட்டத் தொடங்குவதுதான் அந்தப் பிழை. வீட்டு நிலைமை என்ற ஒரு தலைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நகரத்து மேசையிலிருந்து வினாப் படிவம் வரைபவர், 'வீடு சொந்தமா, வாடகையா?' என்று இரண்டு கட்டங்களை இட்டுவிடுகிறார் என வைத்துக்கொள்வோம். அவர் தெருவிலே எல்லா வீடுகளும் இந்த இரண்டில் ஒன்றில் அடங்கிவிடும். ஆனால் இலயத்து அறை எதில் அடங்கும்? நான்கு தலைமுறையாக அதில் பிறந்து, வாழ்ந்து, மடிந்தவர்களுக்கு அது சொந்தமன்று. வாடகைப் பற்றுச்சீட்டும் கிடையாது. வேலை உள்ளவரை வீடு என்பதே வழக்கம். இனி, அந்த ஓர் அறையில் தாயும் தந்தையும் ஓர் அடுப்பு. மணமான மகனும் மருமகளும் மற்றோர் அடுப்பு. இது ஒரு குடும்பமா, இரண்டா? மூத்த மகள் கொழும்பில் வீட்டுவேலைக்குப் போயிருக்கிறாள். பண்டிகைக்கு மட்டும் வருகிறாள். அவள் வருமானம் எந்த வீட்டுக் கணக்கில் சேரும்? முகவரி என்ற கட்டத்தில் எழுத வீதியும் இல்லை, வீட்டிலக்கமும் இல்லை. தோட்டத்தின் பெயரும் டிவிசனின் பெயருமே ஐந்நூறு பேருக்குப் பொது முகவரி.

பெயரைப் பற்றிய சங்கடம் இதனினும் நுட்பமானது. நம்மவர்க்குக் குடும்பப் பெயர் என்பதில்லை. தகப்பன் பெயரும் தன் பெயருமே உண்டு. தமிழிலே இராமசாமி என்று ஒரே பெயர். பிறப்புச் சான்றிதழ் ஒருவர் கையால் சிங்களத்தில் எழுதப்பட்டிருக்கும். அடையாள அட்டையில் ஆங்கில எழுத்து ஒரு விதமாயிருக்கும். வங்கிப் புத்தகத்தில் வேறு விதமாயிருக்கும். இறுதி எழுத்து ஒன்றில் 'ஐ', ஒன்றில் 'வை'. நடுவே ஒன்றில் 'டபிள்யூ' கூடுதலாக நிற்கும். மூன்று ஏட்டையும் மேசைமேல் விரித்து வைத்துப் பார்க்கும் கிராம உத்தியோகத்தர், இவர் ஒருவரே என்று ஒரு நொடியில் அறிவார். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும்படி மட்டும் கட்டளையிடப்பட்ட இயந்திரமோ மூன்று மனிதரைக் காணும். அல்லது ஒருவரையும் காணாது.

இவையெல்லாம் எவருடைய தீய எண்ணத்தாலும் விளைந்தவையல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அறியாமையால் விளைபவை. நம் பாகுபாட்டில் இவை இன்னும் பிழைகளே. ஆனால், யாரைப் பற்றிய அறியாமை? கொழும்புக் கறுவாத்தோட்டத்து வீடுகளைப் பற்றி எந்தப் படிவமும் அறியாமல் இருப்பதில்லை. அறியாமை எப்போதும் பள்ளத்தை நோக்கியே பாய்கிறது. வல்லோரின் வாழ்வு பொது விதியாகவும், எளியோரின் வாழ்வு விதிவிலக்காகவும் கொள்ளப்படும் சமுதாயத்தில், படிவம் மட்டும் நடுநிலையாக இருக்குமென எதிர்பார்ப்பது எங்ஙனம்?

*

அறியாமைப் பிழைக்கு அடுத்தது கணக்குப் பிழை. இது சிறிதென்று தோன்றும். 1982 ஜனவரியில், கனடாவின் வன்கூவர் பங்குச் சந்தை, விலைகளின் ஏற்ற இறக்கத்தைக் காட்ட 1,000 என்ற எண்ணிலிருந்து ஒரு சுட்டெண்ணைத் தொடங்கியது. ஒவ்வொரு விற்பனைக்குப் பின்னும் கணினி அதைத் திருத்திக் கணக்கிட்டது. ஆனால் ஒவ்வொரு முறையும் மூன்றாம் தசமத்துக்குப் பின் உள்ளதை வெட்டித் தள்ளிவிட்டது. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முறை இந்தத் துளி துளியான வெட்டு. 1983 நவம்பரில் சுட்டெண் சுமார் 524 இல் வந்து நின்றது. முறையாகக் கணக்கிட்டபோது அது சுமார் 1,098 ஆக இருந்திருக்க வேண்டும் எனத் தெரியவந்தது. பாதி மதிப்பு, எவரும் திருடாமலே, காற்றில் கரைந்துபோயிற்று.

கொழுந்து மடுவத்தில் நின்றிருப்போருக்கு இந்தக் கதை புதிதாகத் தோன்றாது. ஈரத்துக்கு ஒரு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ, அரைக் கிலோ கணக்கில் வராது என்று கழித்துக்கழித்தே கூடையின் பாரம் குறைவதை அவர்கள் தம் பாட்டியர் காலந்தொட்டு அறிவர். வேறுபாடு ஒன்றுண்டு: பங்குச் சந்தையின் குறைவு இருபத்திரண்டு மாதத்தில் கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்பட்டது. ஏனெனில், அதனால் கவலையுற்றவர்கள் காது கொடுக்கப்பட வேண்டியவர்களாயிருந்தனர்.

சராசரி என்னும் கணக்கும் இதுபோன்றதே. அவுஸ்திரேலிய அரசாங்கம், உதவிப்பணம் பெற்றோரிடமிருந்து மிகைக் கொடுப்பனவை மீட்பதற்காக 2016 இல் ஒரு தானியங்கு முறையைப் பெருமளவில் இயக்கியது. 'ரோபோடெப்ட்' என்று மக்கள் அதற்குப் பெயரிட்டனர். வரித் திணைக்களத்திலுள்ள ஆண்டு வருமானத்தை எடுத்து, இரண்டு வாரக் கூறுகளாகச் சமமாகப் பிரித்து, அந்தக் கற்பனை வருமானத்தை வைத்து 'நீ இவ்வளவு கூடுதலாகப் பெற்றாய்' என்று கடன் கடிதம் அனுப்பியது அந்த முறை. ஆறு மாதம் வேலை செய்து ஆறு மாதம் வேலையற்றிருந்தவன், ஆண்டு முழுவதும் வேலை செய்தவனாகக் கணக்கில் தோன்றினான். கடன் இல்லையென்று நிரூபிக்கும் சுமை அவன் தலையிலேயே விழுந்தது. இறுதியில் அது சட்டவிரோதமெனக் காணப்பட்டு, 2020 இல் சுமார் 4,70,000 கடன்களை மீளச் செலுத்த அரசாங்கம் இணங்க நேர்ந்தது. 2023 ஜூலையில் விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கை வெளிவந்தது.

சராசரி வருமானம் என்பது மாதச் சம்பளக்காரரின் உலகம். ஊவா மலைகளில் கச்சான் காற்று வீசும் மாதங்களை நினைத்துப் பாருங்கள். உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித்தரும் நறுமணம் அந்த வறண்ட காற்றிலேதான் பிறக்கிறது. கொழுந்து குறைந்து, வேலைநாட்கள் சுருங்கி, கூடைக்காரியின் அடுப்பு அணையத் தொடங்குவதும் அதே காற்றிலேதான். பன்னிரண்டு மாதத்தையும் ஒன்றாகக் கூட்டிப் பன்னிரண்டால் வகுக்கும் கணக்கு, அந்தப் பட்டினி மாதத்தை இல்லாததாக்கிவிடும். கணக்கு சரியாகவே இருக்கும். உண்மை மட்டும் அங்கிருக்காது.

மூன்றாவது வகை அவசரத்தின் பிழை. ஐ.பி.எம். நிறுவனத்தில் மாபெரும் மென்பொருட் பணியொன்றை நடத்திய பிரெட் புரூக்ஸ், தம் அனுபவத்தை 1975 இல் ஒரு நூலாக எழுதினார். காலந்தாழ்ந்துபோன மென்பொருட் பணியில் ஆட்களைக் கூட்டினால் அது மேலும் தாழும் என்பது அவர் கண்ட உண்மை. கொழுந்து மலிந்த மலைக்கு இருபது பேருக்குப் பதில் நாற்பது பேரை விட்டால் வேலை பாதி நேரத்தில் முடியும். ஏனெனில் ஒவ்வொருத்தியின் நிரையும் தனி. மென்பொருளில் ஒருவரின் நிரை மற்றவரின் நிரையோடு பின்னிக் கிடக்கிறது. புதிதாக வந்தவருக்குப் பழையவர் கற்பிக்க வேண்டும். ஒவ்வொருவரும் ஒவ்வொருவரோடும் பேச வேண்டும். இதை அறியாத அதிகாரம், அமைச்சர் அறிவித்த நாளை முடிவுநாளாக வைத்துக்கொண்டு விரட்டும்போது, முதலில் வெட்டப்படுவது எது? சோதனைதான். அதிலும் சுலபமானவற்றை மட்டும் சோதித்துவிட்டு, சிக்கலானவற்றை 'அரிதானவை' என்று தள்ளிவைப்பார்கள். அந்த அரிதானவர்களிலே நம் இலயத்து மனிதரும் ஒருவர்.

நான்காவது, வரக்கூடிய கேட்டை எண்ணாமை. 2023 ஆகஸ்ட்டில் நம் அரசாங்கத்தின் 'முகில்' கணினிச் சேமிப்பகம், தரவைப் பூட்டிவைத்துப் பணயம் கேட்கும் தீநிரலால் தாக்கப்பட்டது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீட்க முடியாது அழிந்தன. ஏறக்குறைய 5,000 மின்னஞ்சற் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மின்னஞ்சலை இயக்கிய மென்பொருளோ 2013 ஆம் ஆண்டின் பழம்பதிப்பு. மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட அந்தக் காலத்துக்கு வேறிடத்தில் பிரதி எடுத்து வைக்கப்பட்டிருக்கவில்லை. அடுத்த போகத்துக்கு விதைநெல் எடுத்து வைக்காத உழவனை நாம் என்னவென்று சொல்வோம்?

*

இதுகாறும் கண்டவை பெரும்பாலும் பிழைகள், தவறுகள். குற்றமென்னும் எல்லையைத் தாண்டிய வரலாறு ஒன்றும் உண்டு. பிரித்தானியாவின் அஞ்சல் துறையில் 1999 முதல் 'ஹொரைசன்' என்னும் கணக்கு மென்பொருள் நிறுவப்பட்டது. புஜிட்சு நிறுவனம் அதை வழங்கியது. ஊர்தோறும் சிறிய உப தபாலகங்களை நடத்திவந்த எளிய மனிதரின் கணக்குகளில் திடீரெனப் பணம் குறைவதாக அது காட்டத் தொடங்கிற்று. அவர்கள் தொலைபேசியில் முறையிட்டனர். 'உங்களைத் தவிர வேறெவரும் இப்படிச் சொல்லவில்லை' என்ற மறுமொழி பலருக்குக் கிடைத்தது. கணினி சரியாகவே இயங்கியிருக்கும் என்பதே நீதிமன்றத்தின் அனுமானமாயிருந்தது. 900 க்கும் மேற்பட்டோர் களவு, மோசடி, பொய்க்கணக்கு ஆகியவற்றுக்காகத் தண்டிக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர், வீட்டை விற்றனர், சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டனர். அந்த மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 இல் பாராளுமன்றம் தனிச்சட்டமே இயற்றி அந்தத் தண்டனைகளை நீக்க நேர்ந்தது.

ஹொரைசனில் இருந்த கணக்குப் பிழைகளைத் திறமையான இளைஞர் சிலர் சில மாதத்தில் திருத்தியிருக்கக்கூடும். அதை இருபதாண்டு அநீதியாக வளர்த்தது கணக்குப் பிழையன்று. முறையிட்டவரின் சொல்லுக்கும் இயந்திரத்தின் சொல்லுக்கும் இடையே எதை நம்புவது என்ற தீர்மானமே அதை வளர்த்தது. நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இங்கே கிடைக்கிறது. பிழைக்கும் குற்றத்துக்கும் நடுவே நிற்பது செவி. பாதிக்கப்பட்டவரின் குரல் ஏறும் செவி இருக்கும்வரை பிழை பிழையாகவே நின்று திருத்தமடையும். அந்தச் செவியை அடைத்த கணத்தில் அது குற்றமாகிறது.

கணினி இல்லாமலே இந்தக் குற்றம் நடக்கக்கூடும் என்பதற்கு நம் மலையகமே சான்று. 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ்க் குடியுரிமை கேட்டவர், 1946 க்கு முன் ஏழு ஆண்டோ பத்து ஆண்டோ இந்நாட்டில் இடையறாது வாழ்ந்ததை ஏட்டால் நிரூபிக்க வேண்டியிருந்தது. யாருடைய பிறப்பையும் யாருடைய வரவையும் ஒழுங்காகப் பதியாத ஓர் அமைப்பு, பதிவு எங்கே என்று அந்தப் பதியப்படாதவரையே கேட்டது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பிக்கப்பட்டும் குடியுரிமை கிடைத்தவர் 1,34,000 பேர் அளவினரே. மிகுந்தோரின் கதை 1964 ஒக்டோபர் 30 இன் ஒப்பந்தத்திலும் கப்பலிலும் போய் முடிந்தது. இன்னும் அண்மையில், 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து இலயங்களைப் புதைத்தது. அவ்விடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. அறிவு இருந்தது, காகிதம் இருந்தது. எச்சரிக்கையைக் கேட்டுச் செயற்படக் கடமைப்பட்ட செவி எதுவென்பது மட்டும் தீர்மானிக்கப்படாமலே கிடந்தது.

*

இங்கே ஒரு மறுப்பு எழும். "இயந்திரம் வேண்டாமென்கிறீர்களா? மீண்டும் சிபாரிசுக் கடித காலத்துக்கே போகச் சொல்கிறீர்களா?" இல்லை. 2022 இல் எரிபொருளுக்காக நாட்கணக்கில் மக்கள் வரிசையில் கிடந்தபோது, ஜூலையில் கொண்டுவரப்பட்ட கியூ.ஆர். அட்டை முறை அந்த வரிசைகளைக் குறைத்ததை நாம் அனைவரும் கண்டோம். பெரிய மோட்டார்க்காரருக்கும் முச்சக்கர வண்டிக்காரருக்கும் வாரப் பங்கு இவ்வளவு என்று அது வெளிப்படையாகச் சொன்னது; விதி எளிதாயிருந்தது; பங்கு கிடைக்காவிட்டால் அன்றைக்கே, அந்த நிலையத்திலேயே தெரிந்துவிடும். நல்ல மென்பொருள் எளியவருக்கு அரணாகவும் முடியும் என்பதில் நமக்கு ஐயமில்லை. இயந்திரத்தை உடைப்பது நம் வழியன்று. அது யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்று கேட்பதே நம் வழி.

மற்றொரு மறுப்பும் உண்டு. "கொழுந்தெடுப்பவளுக்கு மென்பொருளில் என்ன தெரியும்? அவளிடம் என்னவென்று கேட்பது?" தெமோதரைப் புகையிரத நிலையத்தைப் பற்றி நம் பக்கத்தில் ஒரு கதை வழங்குகிறது. மலையின் உயரத்துக்கும் பாதையின் சரிவுக்கும் பொருத்தம் காண முடியாது பொறியியலாளர் திகைத்து நின்றபோது, ஒரு கங்காணி தன் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டியதைக் கண்டு, பாதையை வளைத்துத் தன் அடியிலேயே நுழையச் செய்யும் எண்ணம் பிறந்ததாம். கதை மெய்யோ, அழகுக்காகப் புனைந்ததோ, நாம் அறுதியிட வேண்டியதில்லை. 1924 இல் பதுளையை அடைந்த புகையிரதம் இன்றும் நிலையத்தின் கீழுள்ள குகையினூடாக வளைந்து செல்வது மட்டும் மெய். அந்தக் கதையை நூறாண்டாக மக்கள் ஏன் விரும்பிச் சொல்லிவருகிறார்கள் என்பதே கவனிக்கத்தக்கது. கட்டுபவனுக்குத் தெரியாத ஒன்று உழைப்பவனுக்குத் தெரிந்திருக்கலாம் என்ற நம்பிக்கை அதில் வாழ்கிறது. கொழுந்தெடுப்பவளுக்குக் கட்டளை எழுதத் தெரியாதிருக்கலாம். ஆனால் ஓர் அறையில் எத்தனை அடுப்பு எரிகிறது, எந்த மாதத்தில் எரியாது என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்?

இதனால், மென்பொருள் எழுதும் இளைஞனே குற்றவாளி என்று நாம் சொல்வதாக எவரும் கொள்ளலாகாது. அவனும் ஒரு தொழிலாளியே. முடிவுநாளை அவன் குறிக்கவில்லை. குறிகாட்டிகளை அவன் வகுக்கவில்லை. விதி வகுத்தவர், 'கணினி அப்படிச் சொல்கிறது' என்பார். கணினிக்காரன், 'எனக்குத் தந்த விதி அது' என்பான். பிரதேச செயலகத்து மேசையில் இருப்பவர், 'என்னால் மாற்ற முடியாது' என்பார். பொறுப்பு இவ்வாறு துண்டு துண்டாக வெட்டப்படும்போது எவர் கையிலும் இரத்தக்கறை தெரிவதில்லை. வெட்டுண்டது மட்டும் மெய்யாக வெட்டுண்டு கிடக்கும்.

ஆகவே பிழையைத் தவிர்க்கும் வழிகள் தொழில் நுட்பமாகவும் அறமாகவும் ஒருங்கே இருக்க வேண்டும். முதலாவதாக, மிகச் சிக்கலான மனிதரிடமிருந்து தொடங்க வேண்டும். முகவரியற்றவர், மூன்று எழுத்துக்கூட்டலில் பெயருள்ளவர், அடையாள அட்டை இல்லாத முதியவர் ஆகியோருக்குச் சரியாக இயங்கும் முறைமை, மற்றெல்லோருக்கும் தானே இயங்கும். இதன் மறுதலை உண்மையன்று. இரண்டாவதாக, நாடு முழுவதும் ஒரே நாளில் திறந்துவிடாமல், ஒரு தோட்டத்தில், ஒரு டிவிசனில் நடத்திப் பார்த்துத் திருத்த வேண்டும். மூன்றாவதாக, தமிழும் சிங்களமும் இறுதியில் ஒட்டவைக்கும் மொழிபெயர்ப்பாக அல்லாமல், முதல் நாள் தொட்டே முறைமைக்குள் இருக்க வேண்டும். நான்காவதாக, புள்ளி எவ்வாறு இடப்பட்டது என்பதை, மறுக்கப்பட்டவர் தம் மொழியில் கேட்டறிய வேண்டும். ஐந்தாவதாக, கண்ணெதிரே காணும் உண்மைக்கு ஏற்ப இயந்திரத்தின் முடிவை நிறுத்திவைக்கும் அதிகாரம், காரணத்தை எழுதிக் கையொப்பமிட்டால், களத்தில் நிற்கும் உத்தியோகத்தருக்கு இருக்க வேண்டும். அந்த அதிகாரம் மீண்டும் சிபாரிசாகிவிடாதிருக்க, அக்காரணங்கள் யாரும் காணப் பகிரங்கமாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முறையீட்டுக்கு ஒரு தவணையும், தவணை தவறினால் ஒரு பெயரும் வேண்டும். 'முறைமை' என்ற பெயரன்று, ஒரு மனிதரின் பெயர்.

இவற்றில் எதுவும் பெருஞ்செலவு கேட்பதன்று, பணிவைத்தான் கேட்கிறது. வள்ளுவர் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்னும் அதிகாரத்தில், குறையை இடித்துச் சொல்வாரைத் தன்னோடு வைத்துக்கொள்ளாத அரசனின் கேட்டைப் பற்றிப் பேசுகிறார். இன்றைய அரசனுக்கு இடித்துரைப்போர் அவையில் மட்டும் இருந்தால் போதாது; இலயத்திலும் இருக்க வேண்டும்.

ஆசிரியராயிருப்போர்க்கும் மாணவராயிருப்போர்க்கும் இதில் நேரான பங்குண்டு. தகவல், தொடர்பாடல் தொழினுட்பவியல் நம் பாடசாலைகளில் பாடமாகிவிட்டது. 2005 இல் பதுளையிலேயே தொடங்கப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் கணினிக் கல்வி நடைபெறுகிறது. கூடை சுமந்தவரின் பிள்ளைகள் கட்டளை எழுதும் மேசைக்குச் சென்றுசேரும் காலம் வந்துவிட்டது. அவர்கள் அங்கே சென்றமர்ந்ததும் தாம் வந்த அறையை மறந்துவிடும்படி பயிற்றுவதா, அல்லது அந்த அறையின் அறிவையே தம் தொழிலின் முதன்மையான அறிவாகக் கொள்ளும்படி பயிற்றுவதா என்பது நம் வகுப்பறைகளில் தீர்மானிக்கப்படும். ஒரு மாணவன் பெயர்ப் பதிவுக்கான சிறு மென்பொருள் எழுதிக் காட்டும்போது, 'சரியாக இயங்குகிறது' என்பதோடு நாம் நின்றுவிடலாகாது. 'இது யாருக்கு இயங்காது?' என்று கேட்க வேண்டும். 'அவர் உன்னிடம் வந்து எப்படிச் சொல்வார்?' என்று அடுத்துக் கேட்க வேண்டும். இந்த இரண்டாவது கேள்விக்கு விடை எழுதப்படாதவரை, அந்த மென்பொருள் எழுதி முடிக்கப்படவில்லை என்றே நாம் கொள்வோம்.